ஞானப்பல் எடுக்க இராமநாதபுரம் போதும்: ஒரு பல் மருத்துவமனை பற்றிய மதிப்புரை

மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பக்கத்தில் ஒருவருக்குக் கடைவாயின் கடைசிப் பல்லில் வலி வந்து, அதை எடுத்துவிட வேண்டும் என்ற பேச்சு வந்துவிட்டால், வீட்டில் எழும் முதல் கேள்வி இராமநாதபுரத்தில் பார்ப்பதா, மதுரைக்குப் போவதா என்பதுதான். மதுரை என்றால் பெரிய இடம், கைதேர்ந்தவர்கள், எல்லாக் கருவிகளும் இருக்கும் என்ற நம்பிக்கை இந்தக் கரையில் தலைமுறைகளாக ஊறியது. பல நோய்களுக்கு அது சரியும்கூட. ஆனால் ஞானப்பல் விஷயத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது என்பது, இராமநாதபுரம் நகரின் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கும் பல் மருத்துவமனையில் எனக்கும், பின்னர் என் மனைவியின் தம்பிக்கும் நடந்த சிகிச்சையைப் பார்த்த பிறகு நான் வந்த முடிவு. பல்லை எடுப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. இரத்தம் கசிவதும், முகம் வீங்குவதும், வாய் திறக்காமல் போவதும், சிலருக்குப் பல் இருந்த குழி புண்ணாவதும் அதற்குப் பின்வரும் ஒரு வாரத்தில்தான் நடக்கின்றன. அந்த வாரத்தில் கூப்பிட்டால் பேசுகிற, போனால் பார்க்கிற தொலைவில் மருத்துவர் இருக்க வேண்டும். மண்டபத்திலிருந்து இராமநாதபுரம் சுமார் 37 கிலோமீட்டர். மதுரை அங்கிருந்து இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். எந்த இடத்துக்குப் போனாலும் எதைக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் குறிப்புகள் உதவும்.

எனக்கு இருந்த தொல்லை மிகவும் பரவலான ஒன்று. பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும் இந்தப் பல்லுக்குத் தாடையில் இடம் போதாவிட்டால், அது பக்கத்துப் பல்லை நோக்கிச் சாய்ந்து, பாதி வெளியிலும் பாதி ஈறுக்குள்ளுமாக நின்றுவிடுகிறது. அதன் தலைமேல் ஈறின் ஒரு மடிப்பு மூடி போலக் கிடக்கும். அந்த மடிப்புக்கு அடியில் சோற்றுத் துணுக்கும் மீன் துணுக்கும் தங்கி, தூரிகை எட்டாமல், கிருமி பெருகி, சில மாதங்களுக்கு ஒருமுறை வீங்கும். வீங்கும்போது விழுங்க முடியாது, காதுவரை வலிக்கும். மருந்துக்கடையில் ஒரு பட்டை மாத்திரை வாங்கிப் போட்டால் அடங்கும், அடங்கியதும் மறந்துவிடுவோம். கிராம்பைக் கடித்துக்கொண்டு நாள்களைக் கடத்துகிறவர்கள் எங்கள் தெருவிலேயே பலர் இருக்கிறார்கள். மடிப்பும் சாய்ந்த பல்லும் அங்கேயே இருக்கிறவரை வீக்கம் திரும்பத் திரும்ப வரும் என்பதையும், முன்னால் இருக்கும் நல்ல கடைவாய்ப் பல்லின் பின்புறம் இதனால் சொத்தையாகிவிடும் என்பதையும் முதல் சந்திப்பிலேயே படம் வரைந்து விளக்கினார் அங்கே நிலையாக இருக்கும் பெண் மருத்துவர்.

அந்தச் சந்திப்பில் அவர் என் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே கேட்ட கேள்வி, என்ன தொழில் என்பது. ஊருக்குப் பழக்கமான நலம் விசாரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். கடலுக்குப் போகிறவரா, சங்கு குளிக்கிறவரா, பாசி எடுக்கிறவரா, கடையில் உட்கார்ந்திருப்பவரா என்பதைப் பொறுத்து எந்த நாளில் பல்லை எடுக்கலாம், எத்தனை நாள் வேலையை நிறுத்த வேண்டும் என்பது மாறும் என்று பிறகு தெரிந்தது. அடுத்து சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், இரத்தத்தை இளக்கும் மாத்திரை, புகை, மது, மருந்து ஒவ்வாமை என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இதயத்துக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல்லை எடுக்கப் போகிறோம் என்று தாங்களாகவே அதை நிறுத்திவிட்டு வருவது ஆபத்தானது, அந்த மாத்திரையைக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது என்பதை எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பெரியவரிடம் அழுத்திச் சொல்லி, அன்றைக்கு அவரைத் திருப்பி அனுப்பினார்கள். வந்த வருமானத்தை விடாமல் பிடித்துக்கொள்கிற இடம் இப்படிச் செய்யாது.

இரு தாடைகளும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்கள். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு, உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது. ஞானப்பல்லின் வேர் சிலருக்கு அதன்மேல் உட்கார்ந்திருக்கும். என் படத்தில் வேருக்கும் நரம்புக்கும் இடையே இருந்த இடைவெளியைத் திரையில் காட்டி, இதனால் உதடு மரத்துப்போகும் வாய்ப்புக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் அது வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், நிரந்தரமாகத் தங்குவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு என்று விளக்கிய பிறகுதான் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மறுபக்கத்து ஞானப்பல்லும் புதைந்தே இருந்தது. இரண்டையும் ஒரே தடவையில் எடுத்துவிட்டால் என்ன என்று நானே கேட்டேன். "அது உங்களைத் தொந்தரவு செய்யவில்லையே, ஐயா. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வோம்" என்றார் மருத்துவர். நோய் எதுவும் இல்லாத புதைபல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டியதில்லை என்று சிகிச்சைகளுக்கு நெறி வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று சொல்லும் இடங்கள் குறைவில்லை.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரேவுக்கு 500 ரூபாய், அறுவைக்கு 6,500 ரூபாய், மருந்துகள் தனி. தையல் பிரிப்பதற்கும் அதற்குப் பின் பார்ப்பதற்கும் எதுவும் வாங்கவில்லை. தொகையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள், எழுதியபடியே வாங்கினார்கள்.

அறுவை செய்தவர் மதுரையிலிருந்து குறிப்பிட்ட நாள்களில் வரும் வாய் மற்றும் முக அறுவை மருத்துவர். ஆக, மதுரைக்குப் போனால் யார் செய்வாரோ அப்படிப்பட்ட ஒருவரே இங்கே வந்து செய்கிறார். லிக்னோகெயின் ஊசி போட்டு, கீழுதட்டின் பாதியும் நாக்கின் அந்தப் பக்கமும் முழுவதும் மரத்துவிட்டதா என்று குத்திப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே தொடங்கினார். ஈறை விலக்கி, பல்லைச் சுற்றியுள்ள எலும்பில் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கி, துண்டு துண்டாக எடுக்கிற முறை இது. வலி தெரியாது, அழுத்தமும் சத்தமும் தெரியும். அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் முன்பே சொல்லாவிட்டால் தாடையே பிளக்கிறதோ என்று பயந்துபோவோம். இங்கே ஒவ்வொரு கட்டத்திலும், இப்போது அழுத்துவேன், இப்போது நறுக்கென்று ஒலிக்கும் என்று சொல்லிக்கொண்டே செய்தார்கள். கறுப்புப் பட்டு நூலால் தையல் போட்டு, மடித்த மருந்துத் துணியை வைத்து முக்கால் மணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொன்னார்கள்; இரத்தம் நின்றதைப் பார்த்த பிறகே படியிறங்க விட்டார்கள்.

இந்த மருத்துவமனையை நான் பரிந்துரைப்பதற்கான முதன்மையான காரணம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அறிவுரைகளை இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு ஏற்றபடி யோசித்து வைத்திருக்கிறார்கள். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கக் கூடாது, காறித் துப்பக் கூடாது, எச்சிலை விழுங்கிவிட வேண்டும். குழியில் உறைகிற இரத்தக்கட்டிதான் உள்ளே இருக்கும் எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் காப்பு. உறிஞ்சினாலோ துப்பினாலோ அது பெயர்ந்துவிடும். இளநீர் குடிக்கலாம், ஆனால் குழலால் உறிஞ்சாமல் குவளையில் ஊற்றிக் குடிக்க வேண்டும். கன்னத்தின் வெளிப்புறத்தில் இருபது நிமிடம் ஐஸ் வைத்து, இருபது நிமிடம் எடுத்து, அன்று முழுவதும் மாறி மாறிச் செய்ய வேண்டும். மண்டபத்தில் ஐஸுக்கா பஞ்சம்? மீனுக்குப் போடும் ஐஸை உடைத்துப் பையில் கட்டி, துணியில் சுற்றி வெளியே வைத்தால் போதும், அதை வாய்க்குள் போடக் கூடாது என்று அதையும் விடாமல் சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீர். ஒரு குவளைத் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. வாலிநோக்கத்துக் கல்லுப்பே போதும், அதற்கென்று எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்றார்கள். ஆனால் தண்ணீர் குடிக்கிற தண்ணீராக, கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கிணறுகளில் பாதி உப்பாகவே இருப்பதால் அதையே அள்ளிக் கொப்பளிப்பவர்களும், உப்புநீர்தானே என்று கடல்நீரை எடுத்து வாயில் ஊற்றிக்கொள்பவர்களும் உண்டாம். புண் இருக்கிற வாயில் அந்தத் தண்ணீரை விடக் கூடாது. வேகமாகக் கொப்பளிக்காமல், தலையை இருபுறமும் சாய்த்து, தண்ணீர் குழியைத் தழுவி வெளியே விழும்படி விட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றித்தான் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. புண் இருக்கும்போது மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பது என் மாமியாரின் உறுதியான நம்பிக்கை. இந்தக் கரையில் பல வீடுகளிலும் அப்படித்தான். மீனையே சாப்பிட்டு வளர்ந்த உடம்புக்குப் புண் ஆற வேண்டிய நேரத்தில் மீனை நிறுத்திவிட்டு, கஞ்சியை மட்டும் கொடுப்பது எனக்கு எப்போதும் விந்தையாகவே பட்டிருக்கிறது. மருத்துவரிடம் கேட்டோம். முதல் இரண்டு நாள் ஆறிய கஞ்சி, குழையப் பிசைந்த தயிர்சோறு, பால், நுங்கு கிடைக்கிற காலமாக இருந்தால் இளநுங்கு என்று குளிர்ந்ததும் மென்மையானதுமாகச் சாப்பிட வேண்டும். அதன் பிறகு மீன் தாராளமாகச் சாப்பிடலாம். சீழுக்கும் மீனுக்கும் தொடர்பில்லை, புண் ஆறப் புரதம் வேண்டும், தவிர்க்க வேண்டியவை முள்ளும் மிளகாயும் சூடும்தான் என்றார். பிள்ளை பெற்றவளுக்குச் செய்து கொடுக்கிற பால்சுறாப் புட்டை மிளகாய் குறைத்துச் செய்தால் முள்ளும் இல்லை, அதிகம் மெல்லவும் வேண்டாம் என்று யோசனை சொன்னது அங்கிருந்த செவிலியர். அதை மறுபக்கத்தால் மென்று, சாப்பிட்டதும் உப்புநீர் விட்டுக்கொண்டேன். மாமியாரும் அந்தப் புட்டுக்கு மறுப்புச் சொல்லவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் போட்டு வைத்த குழம்பைத் தையல் பிரிக்கும் வரை முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

வீக்கம் பல்லை எடுத்த அன்றைக்கு அல்ல, இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சத்துக்குப் போகும் என்பதை முன்பே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை. வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. தாடைத் தசை இறுகுவதால் வருவது அது. இரண்டு நாளுக்குப் பிறகு ஐஸை விட்டுவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மெல்ல மெல்லத் திறந்து பழகச் சொன்னார்கள். பல்லை எடுத்த மறுநாள் காலையில் மருத்துவமனையிலிருந்தே கைபேசியில் அழைத்து, இரத்தம் நின்றதா, காய்ச்சல் இருக்கிறதா, உதட்டில் உணர்ச்சி திரும்பியதா என்று கேட்டார்கள். இந்த ஒரு அழைப்புக்காகவே அவர்களுக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

மனைவியின் தம்பி விசைப்படகில் போகிறவர். அவருக்கும் இதே தொல்லை, என்னைவிட நெடுநாளாக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனையே சொன்னது. தையல் இருக்கிற வாயோடு நடுக்கடலில் இரத்தம் கசிந்தால் பார்க்க யாரும் இல்லை என்பதுதான் காரணம். தடைக்காலத்தில் அங்கே கூட்டம் கூடுவதையும் அப்போதுதான் கவனித்தேன். மது அருந்துவீர்களா என்று தயக்கமில்லாமல் அவரிடம் கேட்டு, கொடுத்திருக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையோடு மது சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரக்கூடும், மாத்திரை முடிந்த பிறகும் இரண்டு மூன்று நாள் தொடக் கூடாது என்று எச்சரித்தார்கள். அதைக் கடைப்பிடித்தார். பீடியை விடத்தான் அவரால் முடியவில்லை.

புகைப்பதில் இரண்டு கேடு: உறிஞ்சும்போது இரத்தக்கட்டி பெயர்கிறது, புகை இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் குழி ஆறுவதைத் தடுக்கிறது. மூன்று நாள் நன்றாக இருந்தவருக்கு அதன் பிறகு வலி திடீரென ஏறிக் காதுக்கும் பொட்டுக்கும் பாய்ந்தது. வாயில் கெட்ட வாடை வந்தது, மாத்திரை எதற்கும் கேட்கவில்லை. "மச்சான், பல்லு இருந்தப்பவே இப்படி வலிக்கலையே" என்றார். கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரிகிற இந்த நிலையை உலர்குழி என்கிறார்கள். சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும். கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்கு, அதிலும் புகைப்பவர்களுக்கு, இன்னும் அதிகம். அன்று மாலையே இராமநாதபுரம் போனோம். அவரைத் திட்டவில்லை, எதற்குப் புகைத்தீர்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கவில்லை. குழியை மருந்துநீரால் கழுவி, யூஜினால் கலந்த மருந்துத் துணியை உள்ளே வைத்தார்கள். இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குத் திரும்புவதற்குள் வலி பாதியாகிவிட்டது. ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றி வைத்தார்கள், கட்டணம் வாங்கவில்லை. யூஜினால் கிராம்பு எண்ணெயின் முதன்மையான பொருள்தான். அதற்காக வீட்டிலேயே கிராம்பையோ கிராம்பு எண்ணெயையோ குழிக்குள் திணித்தால் சதை வெந்துவிடும் என்றும் சொன்னார்கள். மதுரையில் எடுத்திருந்தால் அந்த வலியோடு எத்தனை தடவை பேருந்தில் போய்வந்திருக்க முடியும் என்பதை அவர் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காத்திருப்போர் இருக்கையில் என் அருகே இருந்த பாம்பன் பக்கத்துப் பெண் ஒருவர் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். அவருக்கு மேல்தாடைப் பல். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் மூக்கை ஒட்டிய காற்றறைக்கு மிக அருகில் இருப்பதால், பல்லை எடுத்த பின் அங்கே திறப்பு ஏற்படாமல் காக்க, மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை கடலில் மூழ்கவே கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். கூலி போகுமே என்ற கவலை அவருக்கு. அவசரமில்லாத பல் என்பதால், அவருக்கு வேலை குறைவான நாள்களைக் கேட்டு அதற்கேற்ப நேரம் குறித்தார்கள். தொழில் என்ன என்ற கேள்வியின் பயன் இதுதான்.

இனிக் குறைகள். ஓபிஜி எக்ஸ்ரே எந்திரம் அங்கே இல்லை. வீங்கிய கன்னத்தோடு வேறு தெருவிலுள்ள மையத்துக்கு நடந்துபோய் எடுத்துவர வேண்டும். மின்தூக்கி இல்லாத செங்குத்தான படிகள் வயதானவர்களுக்குத் துன்பம். அறுவை முடிந்து தலைசுற்றலோடு இறங்குபவர்களுக்கும்தான். குறித்துக் கொடுக்கும் நேரத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. அறுவை மருத்துவர் வருகிற நாளில் இரண்டு மணி நேரம் காத்திருப்பது வழக்கமே. எல்லாவற்றையும்விட என்னைச் சலிப்பூட்டியது, இவ்வளவு நன்றாக வாயால் சொல்லி அனுப்புகிறவர்கள் கையில் கொடுக்கும் தாள் முழுவதும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருப்பது. ஊசியின் மயக்கத்தில் இருப்பவர் காதால் கேட்டதில் பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? கேட்டபோது செய்கிறோம் என்றார்கள். மைத்துனருக்கும் அதே ஆங்கிலத் தாள்தான் கிடைத்தது.

இந்தத் தொகை முடியாதவர்கள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் கேட்டுப் பார்க்கலாம். தாடைக்கு அடியில் கெட்டியாக வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாகி, காய்ச்சலும் சேர்ந்தால், எந்தத் தனி மருத்துவமனையின் படியையும் ஏறிக்கொண்டிருக்காமல் நேரே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அது கழுத்துக்குள் பரவி உயிருக்கே உலை வைக்கக்கூடிய தொற்று.

நேரம் வாங்குவதில் ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனை திறப்பதில்லை, கைபேசியையும் பெரும்பாலும் எடுப்பதில்லை. அறுவை மருத்துவரும் சனிக்கிழமை இரவே மதுரைக்குத் திரும்பிவிடுகிறார். ஆகவே சனிக்கிழமை மாலையில் நேரம் தந்தால் ஏற்காமல், வாரத்தின் நடுவில் ஒரு நாளைக் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். துணைக்கு ஒருவரையும், இராமநாதபுரத்திலிருந்து ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்ற விவரத்தையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.